இரண்டு பதிவிலும் ஒரே காகம்

தேவிப்ரியா வேலை பார்க்கும் இடத்தில் எங்கு திரும்பினாலும் பற்கள். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை அனுப்புவார்கள். அதை வைத்து ப்ளாஸ்டரில் தாடை வார்த்து, மெழுகில் பல் செதுக்கி, பல்மேல் மாட்டும் கேப்பும் பல் செட்டும் செய்து கொடுப்பதுதான் அந்தக் கூடத்தின் வேலை. வேங்கிக்காலில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில், ஒரு கட்டிடத்தின் முதல் மாடியில் இருந்தது. கீழே டைல்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. மேலே இரண்டாம் மாடி, டியூஷன் சென்டர் காலி செய்துகொண்டு போன பிறகு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதற்கு மேல் மொட்டை மாடி.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதைச் செய்து முடிக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையை முதலில் பக்கத்து மேசை வளவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடி அண்ணாமலையிலிருந்து பைக்கில் வருவான். இருபத்தாறு வயது, கைவேலை சுத்தம். ஆனால் மாசி மாதத்தில் அவன் ஞாயிறன்று செய்து கொடுத்த கேப் இரண்டு முறை சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரு டாக்டர் திருப்பி அனுப்பினார். முதலாளி சுரேஷ்குமார் சத்தம் போடவில்லை. "தேவி, இனிமே சண்டே நீ வந்துடும்மா. வளவன் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

வளவன் தலையை ஆட்டினான். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, "எனக்கு ரெஸ்ட் வேணும்னு யாரு கேட்டாங்க?" என்று டப்பாவைப் பார்த்தபடியே சொன்னான். தேவிப்ரியாவுக்கு அது காதில் விழுந்தது. அவளுக்கு ஞாயிறு வருவதில் கஷ்டமில்லை. அவள் கணவன் ஓசூரில் கம்பெனி வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவான். வீட்டில் தனியாக டிவி பார்ப்பதற்கு இங்கே தனியாக மெழுகு செதுக்கலாம்.

பங்குனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். இரைச்சல் போடும் கம்ப்ரஸர் ஓடவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தை ஊசிக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் யாரோ கனமான மேசையை இழுப்பதுபோல இருந்தது. பிறகு அது உறுமல் என்று புரிந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து எழுந்து வரும் உறுமல். மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. அதன்பின் கழுத்து அறுபடும் பன்றி மாதிரி ஒரு நீண்ட கிறீச்சிடல்.

கத்தி வழுக்கி மெழுகுப் பல் இரண்டாகப் பிளந்தது.

எழுந்து நின்றாள். சத்தம் கழிவறைப் பக்கம், மேலேயிருந்து வந்தது. பூட்டிய மாடிக்குள் நாய் ஏதாவது மாட்டிக்கொண்டதா? படியேறிப் போனாள். இரண்டாம் மாடிக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மூச்சுகூட இல்லை. அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போகும் இரும்புக் கதவும் பூட்டியிருந்தது. திரும்ப இரண்டு படி இறங்கியிருப்பாள், மறுபடியும் அதே உறுமல். ஓடி வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கட்டிட உரிமையாளர் ராஜமாணிக்கத்துக்குப் போன் செய்தாள். அவர் வீடு கட்டிடத்துக்குப் பின்பக்கம்தான். ஆனால் ஞாயிறானால் கலசப்பாக்கம் பக்கத்திலிருக்கும் தன் நிலத்துக்குப் போய்விடுவார்.

"மேல எதுவும் இல்லம்மா. ஈ எறும்புகூட கெடையாது" என்றார். "நாளைக்கு வந்து தொறந்து காட்டறேன், பாத்துக்கோ."

சொன்னபடி திங்கட்கிழமை காலை வந்து திறந்தார். தேவிப்ரியா, சுரேஷ்குமார், வளவன் மூன்று பேரும் கூடப் போனார்கள். தரையில் விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு தடம் இல்லை. பூனை நடந்த அடையாளம்கூட இல்லை. மொட்டை மாடிக் கதவையும் திறந்தார். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆண்டெனா, வெயில். அவ்வளவுதான். தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

"கொரங்கா இருக்கும்மா. மலையிலேர்ந்து எறங்கி இங்க வரைக்கும் வருது இப்ப" என்றார் ராஜமாணிக்கம்.

"கொரங்கு உறுமாதுங்க ஐயா."

வளவன் சிரித்தான். சின்னச் சிரிப்புதான். "நான் ஒரு வருசமா சண்டே வந்தேன்க்கா. எனக்கு ஒரு நாளும் எதுவும் கேக்கலியே" என்றான். பிறகு படியில் இறங்கும்போது அவள் காதருகே, "பயமா இருந்தா சொல்லுங்க, சண்டே பழையபடி நானே பாத்துக்கறேன்" என்றான்.

அன்று முழுவதும் அந்த வாக்கியம் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கறையாகச் சொன்னானா, வேறு எதற்காகவோ சொன்னானா? ஒரு வருடம் கேட்காத சத்தம் அவள் வந்ததும் ஏன் கேட்க வேண்டும்?

இரண்டாவது ஞாயிறு அவள் தயாராக இருந்தாள். போனை ரெக்கார்டரில் போட்டுக் கழிவறை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பத்தரைக்கு ஒருமுறை, பதினொன்றேகாலுக்கு ஒருமுறை, பிறகு பன்னிரண்டுவரை அடுத்தடுத்து நான்கு முறை. ஒவ்வொரு தடவையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள். ஆனால் அவள் எழுந்து போகவில்லை. போனால் தோற்றதாகிவிடும் என்று தோன்றியது. யாரோ அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றும் தோன்றியது.

மூன்றாவது ஞாயிறும் பதிவு செய்தாள். அன்றிரவு வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். இரண்டாவது உறுமல் முடிந்து மூன்றாவது தொடங்குவதற்கு முன், தூரத்தில் ஒரு காகம் இரண்டு முறை கரைந்தது. மற்ற பதிவைப் போட்டாள். அதே இடத்தில், அதே காகம், அதே இரண்டு முறை.

ஒரு வாரம் தள்ளி, அதே நொடியில் எந்தக் காகம் வந்து கரையும்?

அப்படியானால் மிருகம் இல்லை. யாரோ ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைக்கிறார்கள். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வந்தது கோபம். அந்தக் கோபம் நேராக வளவன் முகத்தில் போய் நின்றது.

மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்னால், எட்டு மணிக்கே கூடத்துக்கு வந்தாள். வளவனின் மேசை டிராயரைத் திறந்தாள். பூட்டு இல்லை. ப்ரஷ்கள், உப்புத்தாள், அடியில் கைக்குள் அடங்கும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். பக்கத்து அலமாரியில் ப்ளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் ஒரு தலையணையும் மடித்த போர்வையும் இருந்தன. அவன் இங்கே தங்குகிறான். யாருக்கும் தெரியாமல் வந்து போகிறான். கட்டிடச் சாவி அவனிடம் ஒன்று இருக்கிறது. அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது.

சுரேஷ்குமார் வந்ததும் சொன்னாள். பதிவுகளைக் கேட்கக் கொடுத்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அவனா இப்பிடி?" என்றார்.

"அவனத் தவிர யாருக்கு சார் இங்க சண்டே வேணும்?"

வளவன் ஒன்பதரைக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சுரேஷ்குமார் அவனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரும் தலையணையும் மேசைமேல் இருந்தன. சுற்றிலும் வெள்ளைத் தாடைகள்.

"இது எதுக்குடா?"

"பாட்டு கேக்க சார். ஏன்?"

"சண்டே சண்டே தேவிய பயமுறுத்தறது நீதானா?"

வளவன் திரும்பி தேவிப்ரியாவைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

"நான் எதுக்கு சார் அக்காவ பயமுறுத்தணும்?"

"அப்ப தலைகாணி எதுக்கு? ராத்திரி இங்கதான் தங்கறியா?"

வளவன் வாயைத் திறந்து மூடினான். காது மடல் சிவந்தது. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டான். தலையணையை விட்டுவிட்டான். படியில் அவன் காலடி வேகமாக இறங்கிப் போனது.

"பதில் சொல்ல முடியல பாத்தியா" என்றார் சுரேஷ்குமார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அந்த வாரம் அவன் வேலையையும் சேர்த்து அவளே செய்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கழுத்து திரும்பவில்லை. ஆனாலும் மனதில் ஒரு தெளிவு இருந்தது. நாளைக்கு நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

நான்காவது ஞாயிறு, பத்து ஐம்பதுக்கு உறுமல் கேட்டது.

கையிலிருந்ததை மேசையில் வைத்தாள். மூன்று உறுமல். இரண்டாவதற்குப் பிறகு காகம். கிறீச்சிடல். எல்லாம் அப்படியே.

வளவனிடம் சாவி இல்லை. அவன் போய் ஆறு நாளாகிறது. வேறு சாவி செய்து வைத்திருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைக்கும்போதே, தான் அந்த எண்ணத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரிந்தது.

இந்த முறை மேலே போகவில்லை. கீழே இறங்கி, தெருவைத் தாண்டி, எதிரே பாதி கட்டி நிற்கும் வீட்டின் படியில் ஏறினாள். கைப்பிடியில்லாத படி. இரண்டாவது தளத்துக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டே மூன்றாவதுக்கும் ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

தங்கள் கட்டிடத்து மொட்டை மாடி முழுசாகத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்று விரித்திருந்தது. நான்கு மூலையிலும் செங்கல். வேட்டி நிறையக் கூழ்வத்தல். அதைச் சுற்றி ஆறேழு குரங்குகள் சாவகாசமாக உட்கார்ந்து பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. குட்டி ஒன்று தொட்டியோரம் இருந்த சாம்பல் நிறப் பெட்டியின் மேல் ஏறியது. பெட்டி உறுமியது. குட்டி இறங்கக்கூட இல்லை. வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தது.

கட்டிடத்தின் பின்பக்கம் ராஜமாணிக்கத்தின் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு இரும்புப் படி மொட்டை மாடிக்கு ஏறி வருவதும் தெரிந்தது. தேவிப்ரியா அதை இதுவரை கவனித்ததில்லை. சுற்றிக்கொண்டு ஓடினாள். முற்றத்தில் யாருமில்லை. படியில் பாதி ஏறும்போது மேலே யாரோ கையைத் தட்டி, "ஹோய்! போ! சனியனுங்களா!" என்று கத்துவது கேட்டது.

ராஜமாணிக்கத்தின் மனைவி சந்திரம்மாள் கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அறுபதைத் தொடும் வயது, பருத்த உடம்பு. இடது முழங்காலில் உறைமாதிரி ஒரு பட்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். தேவிப்ரியாவைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இது உங்க பெட்டியாம்மா?" என்றாள் தேவிப்ரியா. மூச்சிரைத்தது.

"கலசப்பாக்கம் கொல்லையில பன்னி வெரட்ற பொட்டிம்மா அது. மல்லாட்டைச் செடிய பன்னி நோண்டுதுன்னு அவரு வாங்கிப் போட்டாரு. ரிப்பேருன்னு தூக்கி ரூம்ல போட்டுட்டாரு. பங்குனி பொறந்ததும் வத்தலுக்குக் காவல் வேணும்னு நான் பேட்டரி மாத்திப் பாத்தேன், வேல செய்யுது. எதிர்ல எது அசஞ்சாலும் கத்தும்." சொல்லிக்கொண்டே குரல் தாழ்ந்தது. "எங்க வீட்டு மேல பூரா வேப்ப மரத்து நெழல். இங்கதான் வெயில் ஜாஸ்தி."

பெட்டி வைத்திருந்த இடத்தைத் தேவிப்ரியா பார்த்தாள். கழிவறைக் குழாய்கள் இறங்கும் சந்துக்கு நேர் மேலே. சத்தம் அதன் வழியாக நேராக அவள் காதுக்கு வந்திருக்கிறது.

"ஐயா வந்து மாடியத் தொறந்து காட்டுனாரே. அவருக்குத் தெரியாதா?"

சந்திரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முட்டி ஆபரேசன் பண்ணி ஆறு மாசம்கூட ஆவல. படி ஏறக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு. அவரு ஞாயித்துக்கெழம கொல்லைக்குப் போனதும் ஏறுவேன். அவரு திரும்பி வர்றதுக்குள்ள வாரி எடுத்துட்டுப் பெருக்கி வுட்டுடுவேன்."

"கீழ ஒருத்தி பயந்து நிக்கறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவரு வந்து சொன்னாரு. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. நான் வாயத் தொறக்கல" என்றாள் சந்திரம்மாள். "சொன்னா படி ஏறுனது தெரிஞ்சிடுமேன்னு. நீ நாலு நாள்ல மறந்துடுவேன்னு நெனச்சேன்மா."

"நான் மறக்கல. கூட வேல செய்ற பையன்தான் இத செஞ்சான்னு சொல்லிட்டேன். வேலைய வுட்டுட்டுப் போயிட்டான்."

சந்திரம்மாள் வாயில் கை வைத்தாள். அந்த அம்மாளைத் திட்ட வேண்டும் என்றுதான் தேவிப்ரியா மூச்சிரைக்க ஏறி வந்தாள். ஆனால் வளவன் பெயரைச் சொன்னது இந்த அம்மாள் இல்லை. டிராயரைத் திறந்ததும் இந்த அம்மாள் இல்லை.

"உங்க மொதலாளிக்குப் போனப் போடு" என்றாள் சந்திரம்மாள் திடீரென்று. "நானே சொல்றேன்."

"ஐயாவுக்குத் தெரிஞ்சிடுமே?"

"தெரிஞ்சா தெரியட்டும். போடு."

சந்திரம்மாள் சுரேஷ்குமாரிடம் பத்து நிமிடம் பேசினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. போன் திரும்பக் கைக்கு வந்தபோது அவர், "என்ன தேவி இது" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நானும் யோசிக்காம கேட்டுட்டேன்" என்றார்.

தேவிப்ரியா கூடத்தைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கிரிவலப் பாதையில் வெயில் கொதித்தது. அடி அண்ணாமலையில் வளவன் வீட்டை இரண்டு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தாள். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. வாசலில் வளவனின் மனைவி தென்றல் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தூளியில் இன்னொரு குழந்தை அலறிக்கொண்டிருந்தது. இரட்டைக் குழந்தைகள் பிறந்த விஷயம் தேவிப்ரியாவுக்குத் தெரியும். கூடத்தில் லட்டு கொடுத்தான். அதற்குமேல் அதைப்பற்றி அவள் எதுவும் நினைத்ததில்லை.

வளவன் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான். உட்காரச் சொல்லவில்லை.

நடந்ததை அவள் சொன்னாள். பெட்டி, வத்தல், குரங்கு எல்லாம். குரங்குக்குட்டி பெட்டிமேல் உட்கார்ந்ததைச் சொல்லும்போது தென்றல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வளவன் சிரிக்கவில்லை.

"தலைகாணி ஏன் வச்சிருந்தேன்னு கேட்டாரு இல்ல சார்" என்றான் அவன். "தூங்கத்தான். சண்டே வந்து ரெண்டு மணி நேரம் வேல செய்வேன், மூணு மணி நேரம் தூங்குவேன். வீட்டுல ஒண்ணு தூங்கினா ஒண்ணு எழுந்துக்கும். பௌர்ணமின்னா வெளிய ஜனம் நடக்கற சத்தம் வேற. புள்ளைங்க பொறந்ததிலேர்ந்து நான் முழுசாத் தூங்கினது அங்கதான். கேப் சரியா வராததும் அதனாலதான். அத எப்பிடிக்கா மொதலாளிகிட்ட சொல்றது?"

"எனக்கு இப்பதான் தெரியுது" என்று தென்றல் அவனைப் பார்த்தாள். "வேல ஜாஸ்தின்னுதானே சொல்லிட்டுப் போவ?"

வளவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "தூங்கினது தப்புதான்க்கா. அதுக்காக அனுப்பியிருந்தா வாய மூடிக்கிட்டுப் போயிருப்பேன். ஆனா நான் நாயி நரி மாதிரி கத்தி ஒரு பொம்பளைய பயமுறுத்துவேன்னு எப்பிடிக்கா நெனச்சீங்க? மூணு வருசமா பக்கத்து மேசையில உக்காந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

கேட்டிருக்கலாம். எத்தனையோ முறை கேட்டிருக்கலாம். அவள் காகத்தைக் கண்டுபிடித்த அன்றிரவு அவனுக்குப் போன் போட்டு, 'டேய், இதக் கேளு' என்று சொல்லியிருந்தாலே போதும்.

"தப்பு என்னுதுதான் வளவா" என்றாள். "உன் டிராயரத் தொறந்ததும் தப்புதான்."

உள்ளே தூளியில் அழுகை ஏறியது. தென்றல் தோளிலிருந்த குழந்தையைத் தேவிப்ரியாவின் கையில் கொடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கப் போனாள். தேவிப்ரியா அந்தக் குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் சுரேஷ்குமார் தானே அடி அண்ணாமலைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தேவிப்ரியா கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை வளவன் வேலைக்கு வந்தான். ராஜமாணிக்கம் இரும்புப் படியின் அடியில் ஒரு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். சந்திரம்மாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்று டைல்ஸ் கடையில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இனி யாரும் வரவேண்டாம், திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதைச் செவ்வாய்க்கிழமை கொடுத்துக்கொள்ளலாம் என்று சுரேஷ்குமார் முடிவு செய்தார். டாக்டர்கள் இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

வளவன் வந்த முதல் வாரம் தானாக அவளிடம் எதுவும் பேசவில்லை. அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கீழ்த்தாடை அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

"இந்த எடத்துல மேல்பல்லோட கடி ஒக்கார மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்கக்கா" என்றான்.

அவள் கையிலிருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.